தோழரிடம் ஒரு முறையீடு

துன்பம் வந்தால் மனிதன் யாரிடமாவது அதைச் சொல்ல விரும்புகிறான். நியாயம் கிடைக்கவில்லை என்று எண்ணினால் வழக்குத் தொடுக்கிறான். ஆனால், தனக்குத் துன்பம் தந்தவர் கடவுளே என்று ஒருவர் எண்ணினால், அவர் எந்த மன்றத்திற்குச் செல்வார்? தேவாரம் பாடிய மூவருள் ஒருவரான சுந்தரரின் வரலாறு இக்கேள்வியை எழுப்புகிறது. அவ்வரலாற்றைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில் விரிவாகக் காணலாம்.

சுந்தரருக்கும் சிவபெருமானுக்கும் இடையிலான உறவு ஒரு வழக்கில்தான் தொடங்கியது. சுந்தரரின் திருமண நாளன்று முதியவர் ஒருவர் மணப்பந்தலுக்குள் வந்தார். “இவன் என் அடிமை. இவனுடைய பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது” என்றார். சினம் கொண்ட சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசினார். ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். முதியவர் அசரவில்லை. கிழிந்தது படி ஓலை என்றும் மூல ஓலை தம்மிடம் பத்திரமாக உள்ளது என்றும் கூறினார். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் மூல ஓலையில் இருந்த கையெழுத்தைப் பாட்டனாரின் வேறோர் எழுத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தனர். இரண்டும் ஒத்திருந்தன. சுந்தரர் வழக்கில் தோற்றார்.

முதியவரின் வீட்டைக் காண அவர் பின்னே சென்றபோது, அவர் கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார். வழக்காட வந்தவர் இறைவனே எனச் சுந்தரர் உணர்ந்தார். தம்மோடு வன்மையாக வாதிட்ட அவருக்கு ‘வன்தொண்டர்’ என்னும் பெயரை இறைவன் சூட்டினார். தம்மை ஏசிய அதே சொல்லால் பாடத் தொடங்குமாறும் பணித்தார். பின்னர்த் திருவாரூரில் சுந்தரரைத் தம் தோழராகவும் ஏற்றுக்கொண்டார்.

ஆண்டுகள் கடந்தன. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, அவரை விட்டுப் பிரிவதில்லை என்று மகிழ மரத்தடியில் சுந்தரர் சத்தியம் செய்தார். எனினும், திருவாரூரின் நினைவு அவரை வாட்டியது. ஒருநாள் அவர் ஒற்றியூரை விட்டுப் புறப்பட்டார். ஊர் எல்லையைக் கடந்ததும் அவருடைய இரு கண்களும் ஒளி இழந்தன.

தாம் வாக்குத் தவறியதைச் சுந்தரர் அறிந்திருந்தார். ஆயினும், அவர் வாய்மூடி இருக்கவில்லை. திருவெண்பாக்கத்தில் பாடிய பதிகத்தில், பிழை செய்தாலும் பொறுத்துக்கொள்வீர் என்று நம்பியல்லவா பிழை செய்தேன், என் கண்ணை மறைத்தால் பழி உமக்கும் வராதா என்னும் கருத்துப்பட வாதிட்டார். கோயிலுக்குள் இருக்கிறீரா என்றும் கேட்டார். இருக்கிறோம், நீர் செல்லும் என்பதுபோல அயலார் பேச்சாகவே பதில் வந்தது. அங்கே அவருக்குக் கிடைத்தது பார்வையன்று. ஓர் ஊன்றுகோல் மட்டுமே.

அந்தக் கோலை ஊன்றிக்கொண்டு சுந்தரர் நடந்தார். காஞ்சிபுரத்தில் இடக்கண் பார்வை பெற்றார். மீதி வழக்கைத் திருவாரூருக்குக் கொண்டு சென்றார். கன்றை இழந்த பசு ஒன்று ஆராய்ச்சி மணியை அடித்து மனுநீதிச் சோழனிடம் நீதி கேட்டதும் இவ்வூரில்தான் எனப் பெரியபுராணம் கூறுகிறது. அதே ஊரில் சுந்தரர் தம் தோழரின் முன் நின்றார்.

முன்பு எந்த ஓலையை அவர் கிழித்தாரோ, அந்த அடிமை உறவையே இப்போது தம் வாதத்திற்கு ஆதாரமாக்கினார். தாம் விரும்பி ஆளானவர் என்றார். அடியவர்கள் துயரத்தை உள்ளே அடக்கி முகம் வாடி நிற்கும்போது, ஆண்டவர் கேட்டும் கேளாதவர்போல் இருக்கலாமா என்று வினவினார். ஒவ்வொரு பாட்டையும் வாழ்த்துவது போன்ற சொல்லால் முடித்தார்; அந்த வாழ்த்துக்குள் ஒலித்தது அவருடைய மனக்குறையே. இறுதியில் வலக்கண்ணும் ஒளி பெற்றது என்று சேக்கிழார் முடிக்கிறார்.

‘முறை’ என்ற சொல்லுக்கு நீதி என்றும் பொருள் உண்டு. நீதியை வேண்டி உரைப்பதே முறையீடு. சுந்தரர் தம் துன்பத்தை மறைக்கவில்லை. அதற்காக இறைவனை விட்டு விலகவும் இல்லை. கோபத்தோடும் குறையோடும் அவர் மீண்டும் மீண்டும் அதே வாசலுக்குத்தான் சென்றார். உள்ளே இருப்பவர் கேட்பார் என்ற நம்பிக்கை இல்லாதவர் முறையிடுவதில்லை. அவர் பேசாமல் திரும்பிப் போய்விடுவார். தேவாரத்தில் போற்றிப் பாடிய பாடல்களோடு இந்த முறையீடுகளும் இடம்பெற்றுள்ளன. அவையும் பக்தியின் குரலே என்று தமிழர் ஏற்றுக்கொண்டனர் என்பதை இது காட்டுகிறது.