வணிக உரிமமும் நட்டஈடும்

பிறர் நிறுவி வளர்த்த வணிகப் பெயரையும் அதற்குரிய தொழின்முறையையும் பணங்கொடுத்துப் பெற்று, தம் சொந்த முதலிற் கடை நடத்துதலே வணிக உரிமம் எனப்படும். ஆங்கிலத்தில் இதனைப் பிரான்சைஸ் என்பர். ஊவாத் தோட்டங்களில் உழைத்து ஓய்வுபெற்ற பெற்றோரின் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் கொண்டு பதுளையிலோ பண்டாரவளையிலோ தொழில் தொடங்க விழையும் இளைஞருக்கு இவ்வழி கவர்ச்சியானதே. ஆயின், உரிமம் அளித்தோர் சொன்ன சொல் தவறிக் கடை நட்டமடையின், அப்பணத்தை மீட்கச் சட்டத்தில் வழியுண்டா? இதனையே ஈண்டு ஆராய்வோம்.

இத்துறையில் முன்னோடி ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலமாகும். அது 1970ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின்படி, உரிமம் விற்போர் தம் நிதிநிலை, அறவிடும் கட்டணங்கள், தம்மீதுள்ள வழக்குகள் ஆகியவற்றை முன்கூட்டியே எழுத்தில் வெளிப்படுத்தல் வேண்டும். மீறியோர் அதனால் விளைந்த நட்டத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டவராவர். வேண்டுமென்றே மீறியிருப்பின் ஒப்பந்தத்தையே இரத்துச் செய்யுமாறு கோரலாம். 1979இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதியும் இத்தகைய வெளிப்படுத்தலை வேண்டுகின்றது. எனினும், அவ்விதியின் பேரில் தனியார் வழக்குத் தொடர இயலாது. ஆதலின் பாதிக்கப்பட்டோருக்கு மாநிலச் சட்டமே கைகொடுக்கின்றது.

இலங்கையில் வணிக உரிமத்துக்கெனத் தனிச்சட்டம் இல்லை. அதனால் உரிமம் பெற்றோர் கதியற்றவர் என்று கொள்ளலாகாது. நமது ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை உரோமன் டச்சுச் சட்டமாகும். அதன்படி, ஒப்பந்தம் முறையாக நிறைவேறியிருப்பின் மற்றவர் எந்நிலையில் இருந்திருப்பாரோ, அந்நிலைக்கு அவரைக் கொணரத்தக்க நட்டஈட்டை மீறியவர் கொடுத்தல் வேண்டும். சான்றாக, தருவதாக ஒப்பிய சரக்கைத் தராமையால் கடை இரண்டு மாதம் மூடிக்கிடந்ததாயின், அக்காலத்தில் இழந்த இலாபத்தைக் கோரலாம். ஆனால் நட்டம் பெருகாதவாறு கடைக்காரரும் தம்மாலியன்றதைச் செய்திருத்தல் வேண்டும்.

பொய்யுரைத்துக் கையொப்பம் பெற்றிருப்பின் ஒப்பந்தத்தை நீக்குமாறும் கேட்கலாம். 'நல்ல இலாபம் வரும்' என்னும் வெறும் புகழ்ச்சி பொய்யுரையாகாது. நடவாத விற்பனையை நடந்ததாகக் கணக்குக் காட்டுதலே பொய்யுரையாம். 'எந்த நட்டத்துக்கும் நாம் பொறுப்பல்லேம்' என்று அச்சிட்டுவிட்டால் தப்பிவிடலாம் என்பதும் இல்லை. அத்தகைய நியதி நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய, 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இடமளிக்கின்றது.

காலமும் கருதத்தக்கது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்திலான ஒப்பந்தம் மீறப்பட்டால் 6 ஆண்டுகளுக்குள்ளும், வாய்மொழி ஒப்பந்தமாயின் 3 ஆண்டுகளுக்குள்ளும் வழக்கிடல் வேண்டும். பிணக்கை நடுத்தீர்ப்புக்கு விடுவதாக ஒப்பந்தம் கூறின், எதிர்த்தரப்பார் ஆட்சேபிக்குமிடத்து நீதிமன்றம் வழக்கை ஏலாது. நடுத்தீர்ப்பையே நாடல் வேண்டும்.

நம் முன்னோர் 'துண்டு' என்னும் சீட்டின் கொடுமையை அறிவர். தொழிலாளரின் கடன் பொறிக்கப்பெற்ற அச்சீட்டு, அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கு அவர்களைக் கைமாற்றும் கருவியாயிருந்து, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தம்மால் வாசிக்கவியலாத தாளுக்குக் கட்டுண்டோர் மரபில் வந்த நாம், கல்வி பெற்ற பின்னும் வாசியாது கையொப்பமிடலாமா? முற்பணம் கொடுக்குமுன் ஒப்பந்தத்தைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுவோம். வாய்மொழி வாக்குறுதிகளை எழுத்தில் பெறுவோம். பற்றுச்சீட்டுகளையும் கடிதங்களையும் பேணி வைப்போம். நட்டஈடு கோரும் நாளில் நமக்குத் துணையாவன அவையே.