பயறு சேமிக்கப் பழைய ஈ.டி.பி. குப்பி வேண்டாம்

ஸ்ரீரங்கம் பகுதியில் சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து, பச்சைப்பயறு விதைக்கும் விவசாயிகள், விளைந்ததில் ஒரு பகுதியை விதைக்கும் வீட்டுச் செலவுக்கும் எடுத்து வைப்பது வழக்கம். அதற்கு எமனாக வருவது பயறு வண்டு. இதைக் கொல்ல 1970, 1980-களில் 'ஈ.டி.பி. ஆம்பூல்' என்ற கண்ணாடிக் குப்பி பரிந்துரைக்கப்பட்டது. இம்மருந்தை மத்திய அரசு 2001-ஆம் ஆண்டு ஜூலை 17-ல் தடை செய்தது. அதன் காரணத்தை விவசாயிகள் அறிந்திருத்தல் நல்லது.

இரண்டு கொக்கி

ஈ.டி.பி. என்பது எத்திலீன் டைபுரோமைடு. இதில் அடுத்தடுத்து இரண்டு கரி அணுக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு புரோமின். புரோமின் எளிதில் கழன்றுவிடும். கழன்ற இடம் வேறொரு பொருளைப் பற்றிக்கொள்ளும். எனவே இது இரு முனையிலும் கொக்கியுள்ள கம்பி போன்றது.

நம் உடலில் குளூட்டாதயோன் என்ற காவல் பொருள் உண்டு. அது நஞ்சைப் பிடித்துக் கட்டி வெளியேற்றும். ஒரே கொக்கியுள்ள நஞ்சானால் பிடித்தவுடன் கொக்கி அடைபட்டுவிடும். ஈ.டி.பி.யிலோ மறு கொக்கி மிஞ்சுகிறது. அந்தப் புரோமினும் கழன்றதும், காவல் பொருளோடு சேர்ந்த அக்கூட்டே உயிரணுவின் மரபுப் பொருளான டி.என்.ஏ.யில் மாட்டிக்கொள்கிறது. உயிரணு பெருகும்போது மரபுச் செய்தி பிழையாகப் படியெடுக்கப்படுகிறது. இதுவே திடீர் மாற்றம். புற்றுநோய்க்கும் இது வித்தாகலாம். ஹவாய்த் தீவில் பப்பாளிப் பழத்துக்கு இம்மருந்தால் புகையூட்டிய ஆண் தொழிலாளர்களுக்கு விந்தணு குறைந்திருந்ததை 1987-ல் வெளியான ஆய்வு காட்டியது. சுவாசம் வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் இது உடலில் சேரும்.

செய்ய வேண்டியவை

1. பயறை நன்கு வெயிலில் காய வைக்கவும். பல்லில் கடித்தால் 'கடுக்'கென உடைய வேண்டும். ஆறிய பின்பே மூட்டை கட்டவும்.

2. விதைக்கு, 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் 'ஆக்டிவேட்டட் கயோலின்' களிமண் தூளைக் கலக்கவும். வண்டின் உடல் மீதுள்ள மெழுகு போய், ஈரம் வற்றி அது மடியும்.

3. சமையலுக்கு உள்ளதைப் பருப்பாக உடைத்து வைத்தால் வண்டுத் தொல்லை குறையும்.

4. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறியைப் பயறுக்குள் செருகி வைத்தால், வண்டு பெருகுமுன் தெரிந்துவிடும்.

5. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் வைக்கவே கூடாது. அதன் புகை ஆளைக் கொல்லும்.

பரணில் பழைய ஈ.டி.பி. குப்பி கிடந்தால் உடைக்க வேண்டாம். வாய்க்காலில் எறியவோ மண்ணில் புதைக்கவோ வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, வேளாண்மை விரிவாக்க மையத்துக்குத் தெரிவிக்கவும்.