ஓய்வு பெறும் தேதியை எக்ஸெலில் கண்டுபிடிக்கலாம்! ஒரு புரோகிராமரின் அனுபவப் பாடம்

"கம்ப்யூட்டர் வாங்கியாச்சு சார். பையன் எந்த லாங்வேஜ் படிச்சா நல்ல வேலை கிடைக்கும்?"

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். வெளியூர்களில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இப்போது பக்கத்தில் வடலூரில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நண்பர்களைப் பார்க்க டவுன்ஷிப்புக்குப் போவேன். எந்த பிளாக்கில் நுழைந்தாலும் இந்தக் கேள்வி காத்திருக்கும்.

என் பதிலைக் கேட்டால் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். எந்த லாங்வேஜ் என்பது அவ்வளவு முக்கியமில்லை என்பதுதான் என் பதில். நான் 1986-இல் டிபேஸில் புரோகிராம் எழுத ஆரம்பித்தேன். இன்று அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. அடுத்து வந்தது பாக்ஸ்புரோ. அதை மைக்ரோசாப்ட் 1992-இல் வாங்கியது. விஷுவல் பாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 2004-இல் வந்தது. அதற்கான உதவியும் 2015-இல் நின்றுவிட்டது. நடுவில் கோபால் கற்றேன். ஆள் பெயர் என்று நினைக்காதீர்கள். 1959-60-இல் உருவான புரோகிராம் மொழி அது. பிறகு விஷுவல் பேசிக், ஜாவா என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

ஆனால் நான்கு பழக்கங்கள் மட்டும் கடைசி வரை எனக்குச் சோறு போட்டன. அந்த நான்கையும் எனக்குக் கற்றுத் தந்தது ஒரே வேலை: ஊழியர்கள் ஓய்வு பெறும் தேதியைக் கணக்கிடும் புரோகிராம். இந்த மாதம் அதே கணக்கை எக்ஸெலில் போட்டுப் பார்ப்போம். பழக்கங்கள் தானாகப் புரிந்துவிடும்.

முதல் பழக்கம்: வேலை தெரிந்தவரைக் கேளுங்கள்

நான் முதலில் சேர்ந்த அலுவலகத்தில் ஊழியர்கள் அனைவரின் ஓய்வு தேதிப் பட்டியலைத் தயாரிக்கச் சொன்னார்கள். அப்போது ஓய்வு வயது 58. பிறந்த வருடத்தோடு 58 கூட்ட வேண்டும், பிறந்த மாதத்தின் கடைசி நாளைப் போட வேண்டும். இது ஒரு வேலையா என்று அரை நாளில் எழுதி முடித்துவிட்டேன். பட்டியலும் அழகாகப் பிரிண்ட் ஆகி வந்தது.

பணியாளர் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். பட்டியலை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உங்க மெஷின் இருபது பேருக்கு ஒரு மாசச் சம்பளம் சும்மா குடுக்குதே" என்றார்.

விஷயம் இதுதான். மத்திய அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதி 56-இன்படி, ஒருவர் உரிய வயதை அடையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். ஆனால் மாதத்தின் 1-ஆம் தேதி பிறந்தவர் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெற்றுவிட வேண்டும். அந்த அலுவலகமும் இதே விதியைத்தான் பின்பற்றியது. ஜூன் 2-ஆம் தேதி பிறந்தவருக்கு ஜூன் 30. ஜூன் 1-ஆம் தேதி பிறந்தவருக்கு மே 31. ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் ஒரு மாதச் சம்பளம் போய்விடுகிறது.

அந்தத் தலைமுறையில் பலருக்கும் பிறந்த தேதி வாத்தியார் போட்டதுதான். பள்ளியில் சேர்க்கும்போது தேதி தெரியவில்லை என்றால் ஜூன் 1 என்று எழுதிவிடுவார்கள். அதனால் 1-ஆம் தேதிக்காரர்கள் நிறைய பேர் இருந்தார்கள். இது எந்த டிபேஸ் புத்தகத்திலும் இல்லை. அந்தப் பெரியவருக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்யக்கூடத் தெரியாது. ஆனால் கணக்கு அவரிடம்தான் இருந்தது.

இரண்டாம் பழக்கம்: முதலில் பேப்பர், பிறகுதான் கீபோர்டு

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1957 மே 20-ஆம் தேதி நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆனால் முதல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நடுவில் நான்கு வருடங்களுக்கு மேல் என்ன செய்தார்கள்? மேல்மண்ணை வெட்டி அகற்றினார்கள். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரைப் பம்ப் வைத்து இறைத்தார்கள். அந்த வேலை முடியாமல் ஒரு கூடை கரிகூடக் கிடைத்திருக்காது.

புரோகிராமும் அப்படித்தான். பெரியவரிடம் திட்டு வாங்கிய பிறகு நான் பென்சிலை எடுத்தேன். ஐந்து பேரின் பிறந்த தேதியை எழுதி, கையால் ஓய்வு தேதியைக் கண்டுபிடித்தேன். அப்போதுதான் எளிய வழி தெரிந்தது. உரிய வயது நிறையும் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நாளைக் குறையுங்கள். வரும் தேதி எந்த மாதமோ, அந்த மாதத்தின் கடைசி நாள்தான் விடை. 1-ஆம் தேதிக்காரர் தானாகவே முந்தைய மாதத்துக்குப் போய்விடுவார். மற்றவர்கள் அதே மாதத்தில் இருப்பார்கள். தனி விதி எதுவும் தேவையில்லை.

மூன்றாம் பழக்கம்: மாறக்கூடியதை ஒரே இடத்தில் வையுங்கள்

1998-இல் மத்திய அரசு ஓய்வு வயதை 58-இலிருந்து 60 ஆக உயர்த்தியது. எங்கள் அலுவலகத்திலும் மாற்றினார்கள். "ஒரு நம்பர்தானே, உடனே மாத்திடுங்க" என்றார்கள். நான் 58 என்ற எண்ணை புரோகிராம் முழுக்கப் பதினோரு இடங்களில் எழுதி வைத்திருந்தேன். உட்கார்ந்து தேடி ஒவ்வொன்றாக மாற்றினேன்.

ஒன்று மட்டும் தப்பிவிட்டது. ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பு ஊழியருக்கு அறிவிப்புக் கடிதம் போகும். அந்த இடத்தில் 58-இல் ஒன்றைக் கழித்து 57 என்றே எழுதியிருந்தேன். 58-ஐத் தேடியவனுக்கு 57 எப்படிக் கிடைக்கும்? அதன் விளைவாக, இன்னும் மூன்று வருடம் சர்வீஸ் உள்ள சிலருக்குக் கடிதம் போய்விட்டது. அதில் ஒருவர் கடிதத்தை நம்பி, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே என்று ஊரில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அவர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். கம்ப்யூட்டர் தவறு செய்யவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்தது.

இந்த வயது மறுபடியும் மாறும் என்பதற்கு நம் மாநிலமே உதாரணம். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 58-இலிருந்து 59 ஆனது. 2021-இல் 60 ஆனது. ஒரு வருடத்துக்குள் இரண்டு மாற்றம்!

இப்போது எக்ஸெலில் செய்வோம்

எக்ஸெலைத் திறந்து கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதைச் செய்யலாம். அதிலும் இதே பங்ஷன்கள் உள்ளன.

1. எச்1 என்ற கட்டத்தில் 60 என்று டைப் செய்யுங்கள். ஓய்வு வயது இந்த ஒரே இடத்தில்தான் இருக்கப் போகிறது.

2. ஏ1-இல் பெயர், பி1-இல் பிறந்த தேதி, சி1-இல் வயது நிறையும் தேதி, டி1-இல் ஒரு நாள் முன்பு, ஈ1-இல் ஓய்வு தேதி என்று தலைப்புகள் கொடுங்கள்.

3. ஏ2-இல் ஒரு பெயரை டைப் செய்யுங்கள். பி2-இல் 1960 ஜூன் 1 என்ற தேதியை டைப் செய்யுங்கள். நாள், மாதத்தின் ஆங்கிலப் பெயர், வருடம் என்ற வரிசையில் நடுவில் சிறு கோடு போட்டு அடியுங்கள். மாதத்தை 6 என்று எண்ணாக அடிக்காதீர்கள். அமெரிக்க முறையில் செட் செய்யப்பட்ட கம்ப்யூட்டர் அதை ஜனவரி 6 என்று எடுத்துக்கொள்ளும்.

4. சி2-இல் கிளிக் செய்து, மேலே பார்முலா எழுதும் பட்டைக்கு இடப்பக்கம் உள்ள எப்எக்ஸ் பட்டனை அழுத்துங்கள். டேட் அண்ட் டைம் பிரிவில் ஈடேட் என்ற பங்ஷனைத் தேர்வு செய்யுங்கள். இது ஒரு தேதியோடு மாதங்களைக் கூட்டித் தரும். முதல் பெட்டியில் பி2 என்று கொடுங்கள். இரண்டாம் பெட்டியில் எச்1 என்று அடித்து, எப்4 கீயைத் தட்டுங்கள். டாலர் குறிகள் சேரும். லேப்டாப்பில் எப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். அதன் பின் பெருக்கல் குறியாக நட்சத்திரக் குறி போட்டு 12 என்று முடியுங்கள். வருடத்தை மாதமாக்குகிறோம்.

5. டி2-இல் சமக்குறி போட்டு, சி2 கழித்தல் 1 என்று அடித்து என்டர் தட்டுங்கள்.

6. ஈ2-இல் மறுபடி எப்எக்ஸ் பட்டனை அழுத்தி, ஈஓமன்த் என்ற பங்ஷனைத் தேர்வு செய்யுங்கள். மாதக் கடைசி நாளைச் சொல்வது இதுதான். முதல் பெட்டியில் டி2, இரண்டாவதில் 0.

சி2-இல் 43983 என்று ஓர் எண் தெரிகிறதா? பயப்பட வேண்டாம். எக்ஸெல் தேதியை நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே வருகிறது. அதனால்தான் ஒரு நாளைக் கழிக்க வெறுமனே 1-ஐக் கழித்தால் போதும். சி, டி, ஈ காலங்களை செலக்ட் செய்து, கன்ட்ரோல் கீயோடு 1-ஐ அழுத்தி, டேட் என்பதைத் தேர்வு செய்தால் தேதியாக மாறிவிடும். ஈ2-இல் 2020 மே 31 என்று வர வேண்டும்.

எப்4 கீயால் வந்த டாலர் குறி எதற்கு என்று கேட்பீர்கள். பார்முலாவைக் கீழே காப்பி செய்யும்போது பி2 என்பது பி3, பி4 என்று மாறிக்கொண்டே போகும். எச்1 அப்படி மாறக்கூடாது. டாலர் குறி அதைப் பிடித்து நிறுத்துகிறது. சி2, டி2, ஈ2 மூன்றையும் செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுங்கள். அடுத்த வரிகளுக்கும் பார்முலா வந்துவிடும்.

இப்போது எச்1-இல் 60-ஐ அழித்து 58 போடுங்கள். எல்லா வரிகளும் ஒரே நொடியில் மாறுகின்றன அல்லவா? 1998-இல் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

நான்காம் பழக்கம்: ஓரத்தில் நிற்பவர்களை வைத்துச் சோதியுங்கள்

எச்1-இல் மறுபடி 60 போட்டு, கீழ்க்கண்ட பிறந்த தேதிகளைக் கொடுத்து விடையைச் சரிபாருங்கள்.

1960 ஜூன் 2: விடை 2020 ஜூன் 30.
1960 ஜனவரி 1: விடை 2019 டிசம்பர் 31. வருடமே மாறுகிறது.
1960 மார்ச் 1: விடை 2020 பிப்ரவரி 29.
1964 பிப்ரவரி 29: விடை 2024 பிப்ரவரி 29.

மாதத்தின் நடுவில் பிறந்தவர்களை வைத்துச் சோதித்தால் தவறான புரோகிராமும் சரியான விடை தரும். என் முதல் புரோகிராம் அப்படித்தான் என்னை ஏமாற்றியது. மாதத்தின் முதல் நாள், வருடத்தின் முதல் நாள், லீப் வருடம் என்று ஓரத்தில் நிற்பவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் 1998-இல் என்னைக் காப்பாற்றவும் செய்தது. இடத்தை மிச்சம் பிடிக்க வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான் ஒதுக்கியிருந்தேன். 1940-இன் கடைசியில் பிறந்தவர் பழைய கணக்குப்படி 98-இல் போக வேண்டியவர். வயது 60 ஆனதும் 40-உடன் 60 சேர்ந்து 100 ஆகிறது. இடமோ இரண்டு இலக்கத்துக்குத்தான். 00 என்று பதிவானது. 00 என்பது 98-ஐவிடச் சிறியது. ஆக, அவர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார் என்று புரோகிராம் முடிவு கட்டி, சம்பளப் பட்டியலில் இருந்தே பெயரை நீக்கியது! சோதனையில் பிடித்துவிட்டதால் யாருக்கும் சம்பளம் நிற்கவில்லை. உலகமே பேசிய ஒய்2கே பிரச்னை என் மேஜைக்கு ஒன்றரை வருடம் முன்னதாகவே வந்துவிட்டது.

உங்கள் எக்ஸெலிலும் இது உண்டு. 1929-இல் பிறந்த தாத்தாவின் வருடத்தை 29 என்று மட்டும் அடித்துப் பாருங்கள். 2029 என்று எடுத்துக்கொள்ளும். 30-க்கு மேல் என்ன ஆகும் என்பது உங்கள் விண்டோஸ் செட்டிங்கைப் பொறுத்தது. எனவே வருடத்தை எப்போதும் நான்கு இலக்கத்தில் அடியுங்கள்.

முடிவாக...

பைலை சேவ் செய்து, பென்டிரைவில் ஒரு காப்பியும் எடுத்து வையுங்கள். பிறகு உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வேலையில் இருக்கும் ஒருவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் அலுவலகத்தின் விதி வேறாக இருக்கலாம். அதையும் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். அப்படிக் கேட்டால் முதல் பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தர ஆரம்பித்து, 2020-இல் ஓய்வு பெற்றது. மெஷினுக்கே ஓய்வு உண்டு என்றால் லாங்வேஜுக்கு இல்லாமல் போகுமா? தேதிப் பிரச்னைகளும் முடிந்துவிடவில்லை. 32 பிட்டில் நேரத்தை எண்ணும் பழைய முறை நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8.44-க்கு நிரம்பிவிடும். அதற்குள் பழைய சிஸ்டங்களைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய ஆள் வேண்டும். அந்த வேலைக்கு இன்று உங்கள் வீட்டில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பையனோ பெண்ணோ போகலாம். எந்த லாங்வேஜ் படித்தாலும் பரவாயில்லை. முதலில் ஒரு பென்சிலும் பேப்பரும் வாங்கிக் கொடுங்கள்.