துணியில் எழுதிய பெயர்கள்

நுழையும்முன்

வெட்டி மிஞ்சிய துணிகளைச் சதுரங்களாக்கி, ஆளுக்கொரு சதுரம் தைத்து, அவற்றை இணைத்துப் போர்வையாக்கி நோயாளிகளுக்கும் ஏதிலிகளுக்கும் வழங்குவது மேலைநாட்டுப் பெண்கள் கூடிச் செய்துவரும் அறப்பணிகளுள் ஒன்று. பொருள் மிகுந்த இல்லங்களில் அது ஓய்வுநேரக் கைவேலை. உணவே அளந்து தரப்பட்ட ஒரு சிறைக்குள் அப்பணி எவ்வாறு நடந்தது, எதற்காக நடந்தது என்பதைக் கூறுகிறது இப்பாடம்.

இரண்டாம் உலகப்போரில் 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர், சப்பானியப் படையிடம் வீழ்ந்தது. அங்கு வாழ்ந்த ஐரோப்பியக் குடிமக்கள் மார்ச்சு மாதத்தில் சாங்கிச் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டனர். 1936இல் ஏறத்தாழ 600 கைதிகளுக்கென்று கட்டப்பட்ட அச்சிறையில் அதனைப்போல் பல மடங்கு மக்கள் அடைக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 400 பேர் ஒருபுறம். ஆண்கள் சுவருக்கு மறுபுறம். படையில் இருந்த கணவன்மாரோ அருகிலிருந்த வேறு முகாமில் போர்க்கைதிகளாக இருந்தனர். இவர்களிடையே கடிதமில்லை, பேச்சுக்கும் தடை. கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று மனைவி அறியாள். மனைவி எங்குள்ளாள் என்று கணவனும் அறியான். பசியைக் காட்டிலும் கொடியதாக அவர்களை வருத்தியது இதுவே எனலாம்.

சிறுமியரின் தொடக்கம்

சிறையிலிருந்த எலிசபெத் என்னிஸ் என்னும் செவிலியர், சிறுமியரைத் திரட்டிச் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலான ஏறத்தாழ இருபது பேர் வாரம் ஒருமுறை சிறை முற்றத்தின் மூலையில் கூடினர். தம் தலைவியின் பிறந்தநாளுக்குப் பரிசளிக்க விரும்பிய அவர்கள், அவருக்குத் தெரியாமல் போர்வையொன்றைத் தைக்கத் தொடங்கினர். கிழிந்த உடைகளிலிருந்து கிடைத்த துணுக்குகளே அவர்தம் மூலப்பொருள். அவற்றை அறுகோணங்களாக வெட்டி, பூவிதழ்கள்போல் அடுக்கி, நடுவில் தத்தம் பெயரைத் தைத்தனர். நேர்க்கோட்டில் ஓடும் தையலால் சதுரங்களை இணைத்துவிடலாம். அறுகோணத்தில் ஒவ்வொரு முனையிலும் துணியைத் திருப்பியாக வேண்டும். பழகிய கைகளுக்கே பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. நூல் கிடைப்பதும் அரிதாகையால் போர்வை முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெறாத அப்போர்வையே இன்று இலண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்று போர்வைகள்

இச்சிறுமியரின் முயற்சி பெரியவர்களுக்கும் வழிகாட்டிற்று என்பர். கனடாவைச் சேர்ந்தவரும் செஞ்சிலுவைச் சங்கப் பணியில் ஈடுபட்டிருந்தவருமான எத்தல் மல்வானி, மருத்துவமனையில் காயமுற்றுக் கிடக்கும் வீரர்களுக்குப் போர்வை தைக்கலாம் என்றார். விரும்பிய பெண் ஒவ்வொருவருக்கும் வெள்ளைப் பருத்தித்துணியில் ஒரு சதுரமும் பென்சிலும் நூலும் தரப்பட்டன. ‘உங்களைப் பற்றிய ஏதேனும் ஒன்றை இதில் தையுங்கள்’ என்பதே வேண்டுகோள். ஒரு போர்வைக்கு 66 சதுரங்களாக மூன்று போர்வைகளுக்கு 198 சதுரங்கள் நிறைந்தன.

பலர் தாய்நாட்டின் மலர்களைத் தைத்தனர். சிலர் விட்டுவந்த வீட்டை நினைவுகூர்ந்தனர். ஒருவர் தம் சிறையறையையே தைத்துக் காட்டினார். மற்றொருவர் சாங்கியை விடுமுறை இல்லம் என்று குறும்பாகப் பெயரிட்டார். நீலநாடா அணிந்த முயற்குட்டி ஒன்றும் அவற்றுள் உண்டு. பார்ப்போருக்கு அது குழந்தைச் சித்திரம். ஆண்குழந்தைக்கு நீலநிறம் என்னும் வழக்கை அறிந்த கணவனுக்கோ, ‘நமக்கு மகன் பிறந்துள்ளான்’ என்னும் செய்தி. பெரும்பாலான சதுரங்களில் தைத்தவரின் பெயரும் இருந்தது. பெயரைக் கண்டவுடன் ஒன்று விளங்கிவிடும்: இவள் உயிரோடிருக்கிறாள்.

பெண்களின் பெயரைத் தாங்கிய துணிகள் காவலைக் கடக்க வேண்டுமே! ஒரு போர்வை பிரித்தானிய வீரர்க்கு, ஒன்று ஆத்திரேலிய வீரர்க்கு என்று வகுத்தவர்கள், மூன்றாவதைக் காயமுற்ற சப்பானிய வீரர்களுக்கென்று வகுத்தனர். அதில் சிறைக்காட்சி ஒன்றுமில்லை. பெரும்பாலும் பூக்களே இருந்தன. இசைவு பெறுவதற்கான உத்தி இது என்று கூறுவதில் தவறில்லை. ஆயினும் உத்தி மட்டுமே என்று ஒதுக்கிவிடவும் மனம் ஒப்பவில்லை. உங்கள் துன்பத்தில் நாங்களும் வருந்துகிறோம் என்னும் பொருள்பட மற்ற இரு போர்வைகளின் பின்புறத்தில் எழுதியதையே அதன் பின்புறத்திலும் எழுதினர். தம்மைச் சிறைவைத்தவர்களின் காயத்திற்கும் அதே சொற்கள்! சிறைக்குள் அமர்ந்து பகைவர்க்காக 66 சதுரங்களை ஒழுங்காகத் தைத்து முடிப்பது வெறும் நடிப்பால் இயலுமா என்பதை மாணவர்கள் எண்ணிப்பார்க்கலாம்.

பின்புற வாசகத்தில் ஆண்டு 2602 என்று காணப்படும். சப்பானியப் பேரரசின் கணக்கு கிறித்துவ ஆண்டைவிட 660 ஆண்டுகள் கூடுதல். எனவே அது 1942ஐக் குறிக்கும். கைப்பற்றியவர்களின் நாட்காட்டியே அங்குச் செல்லுபடியாயிற்று.

போர்வைகள் மருத்துவமனையை அடைந்தன. சிறைப்பட்டோர் விடுதலை பெற்றது 1945 செப்டம்பரில்தான். இன்று பிரித்தானியப் போர்வை அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், மற்ற இரண்டும் கான்பெராவில் உள்ள ஆத்திரேலியப் போர் நினைவகத்திலும் உள்ளன. ஆத்திரேலியப் போர்வையின் பின்புறத்தில், போர் முடிந்ததும் இதனைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்க்க வேண்டும் என்ற வேண்டுகோள் உள்ளது. போர் எப்போது முடியும், தாம் பிழைத்திருப்போமா என்று அறியாதவர்கள் அதற்குக் கீழே இன்னொரு குறிப்பையும் இட்டனர்: இப்போர்வையைத் தண்ணீரில் நனைக்காமல் உலர்சலவை செய்வது நல்லது.

கற்பவை கற்றபின்…

உங்கள் வீட்டில் மிஞ்சிய துணியில் ஆறு அங்குலச் சதுரம் ஒன்றை, தையலுக்கென நாற்புறமும் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுக. பெயரைத் தவிர வேறு எழுத்தின்றி, உங்களை அறிந்த ஒருவருக்கு மட்டுமே புரியும் செய்தியை அதில் தைத்து வகுப்பில் காட்டுக. மற்றவர்கள் அதனை எவ்வாறு பொருள்கொண்டனர் என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.