இரும்புக்கு இடம் வலம் தெரியுமா?

கேள்வி: இடக்கையும் வலக்கையும்போல் அமைந்த மூலக்கூறுகளில் ஒன்றை மட்டும் இரும்பைக் கொண்டு ஆக்குகிறார்களாமே, துருப்பிடிக்கும் இரும்புக்கு அத்தனை விவேகம் உண்டா?
– ஒரு வாசகர், ஜமுனாமரத்தூர்

பதில்: தங்கள் ஜவ்வாது மலைப் புளியிலிருந்தே தொடங்குவோம். பல்லைக் கூசவைக்கும் அதன் டார்டாரிக் அமிலத்தை இயற்கை ஒரே ‘கை’யாகப் படைக்கிறது, இத்தகைய பொருள்களைச் சாதாரண ரசாயன முறையில் ஆக்கினாலோ, உருவும் கண்ணாடிப் பிம்பமும்போல் இருவகையும் சரிபாதியாகக் கலந்தே பிறக்கும். 1848இல் லூயி பாஸ்டர், அவ்வாறு கலந்த டார்டாரிக் உப்பின் படிகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடம் வேறு வலம் வேறாகப் பிரித்துக் காட்டினார்.

பொறுக்குவதைவிட, வேண்டியதை மட்டும் ஆக்குவதே சிலாக்கியமன்றோ? அதற்கான கிரியா ஊக்கிகளைக் கண்டமைக்காக நோல்ஸ், நொயோரி, ஷார்ப்லெஸ் மூவரும் 2001இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். ஷார்ப்லெஸ் தம் கிரியா ஊக்கியில் டைட்டானியத்துக்குத் துணையாகச் சேர்த்ததும் டார்டாரிக் அமிலத்தின் எஸ்டரே.

தனி இரும்புக்கு இடம் வலம் தெரியாது. ஆனால் ஒரே கையுடைய கரிமச் சேர்மம் ஒன்றை அதனோடு பிணைத்துவிட்டால், வலக்காலுக்கு இசையாத இடக்காற்செருப்பைப்போல, அச்சேர்மம் வரும் மூலக்கூறைப் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே அணைய விடுகிறது. 2008இல் டொரான்டோவில் வேதியியலாளர் ராபர்ட் மாரிஸ் குழுவினர் இவ்வாறே கீட்டோன்கள் என்னும் கரிமச் சேர்மங்களில் ஹைட்ரஜனைச் சேர்த்து, ஒரு கை ஆல்கஹாலை மிகுதியாகப் பெற்றனர். விலையுயர்ந்த ரோடியம் முதலியவற்றின் ஸ்தானத்தில், எங்கும் மலிந்த இரும்பை அமர்த்தும் இம்முயற்சி, மருந்துத் தொழிலுக்குப் பெரும் அனுகூலமாகும்.