பகல் நடையில் எதைத் தேடுவது?

ஒரு நாள் மலைநடையில் பாம்பு, ஓணான், தவளைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது ‘எந்த மலைக்குப் போகலாம்?’ என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: நாம் நடக்கும் நேரத்தில் எந்த உயிர்கள் விழித்திருக்கும்? காலையில் காட்டுக்குள் நுழைந்து மாலைக்குள் திரும்புகிறவருக்குக் கிடைப்பது பகல் வெளிச்சம் மட்டுமே. நம் மலைகளின் தவளைகளில் பெரும்பாலானவையும், கட்டு விரியன் முதலான பல பாம்புகளும் இரவில் இயங்குபவை. புகழ்பெற்ற ஊதாத் தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான அது, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, மழை தொடங்கும் காலத்தில் சில நாட்கள் மட்டுமே இனப்பெருக்கத்துக்காக மேலே வருகிறது. அதை நம்பிப் பகல் நடைக்குத் திட்டமிடுவதில் பொருளில்லை. பகலில் போகிறவர் பகலில் இயங்குபவற்றையே தேட வேண்டும். இடம், மாதம், தேடும் முறை ஆகிய மூன்றையும் அந்த முடிவிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதற்கு அடிப்படை இந்த உயிர்களின் உடலமைப்பு. ஊர்வன தமக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்து பெறுகின்றன. அதனால் காலை வெயிலில் வெளியே வந்து காய்கின்றன, உச்சி வெயிலில் நிழலுக்குள் ஒதுங்குகின்றன. தவளைகள் தோல் வழியாகவும் சுவாசிப்பதால் அந்தத் தோல் ஈரமாகவே இருந்தாக வேண்டும். காய்ந்த பகல் அவற்றுக்கு ஆபத்து. வெயில் தேவைப்படுகிற உயிரையும் ஈரம் தேவைப்படுகிற உயிரையும் ஒரே நடையில் நிறையப் பார்த்துவிட வேண்டும் என்று புறப்பட்டால் இரண்டுமே சரியாக அமைவதில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

முதல் தேர்வு, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் உள்ளவை போன்ற வறண்ட பாறைக் குன்றுகள். பெரிய பாறைகளின் உச்சியில் பாறை ஓணான் உட்கார்ந்திருக்கும். இனப்பெருக்க காலத்தில் ஆணின் முதுகும் பக்கங்களும் பளிச்சென்ற நிறங்கள் கொள்ளும். இன்னோர் ஆணை எதிர்க்கும்போது ஒரு நிறம், பெண்ணைக் கவரும்போது வேறு நிறம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறும். அடிவாரத்து வெட்டவெளிகளில் தொண்டையை விசிறிபோல் விரித்துக் காட்டும் சிற்றோணான்களையும், சருகுகளுக்கிடையே அரணைகளையும் காணலாம். புதியவருக்கு இதுதான் மிக எளிது. விலங்கு தானாகவே கண்ணுக்கு முன் வந்து நிற்கும், தொலைநோக்கி இருந்தால் அருகில் போகவே தேவையில்லை. குறை என்னவென்றால் நேரம் குறுகியது. வெயில் ஏறிப் பாறை சுடத் தொடங்கியதும் பெரும்பாலானவை மறைந்துவிடும். எனவே விடிந்ததும் நடையைத் தொடங்கி முற்பகலுக்குள் முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஆனைமலை, அகத்தியமலைத் தொடர்களின் நிழலடர்ந்த ஓடைகள். பகலில் தவளை பார்க்க முடியாது என்ற பொதுக் கருத்துக்கு இங்கே ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நடனத் தவளைகள் பகலில்தான் இயங்குகின்றன. ஓடையின் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால், ஆண் தவளை பின்னங்காலை நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்துச் சைகை காட்டுகிறது. 2014இல் வெளியான ஒரே ஆய்வில் இவற்றில் 14 புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. பெருமழை ஓய்ந்து ஓடையில் நீர் வடியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்கள் பொருத்தமானவை. ஆனால் தமிழ்நாட்டுச் சரிவுகளில் அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். மேலே மழை கொட்டினால் ஓடை திடீரென்று பெருகும். மழை எச்சரிக்கை உள்ள நாளில் இந்தத் தேர்வைக் கைவிட்டே ஆக வேண்டும். அட்டைக்கடியைப் பொறுத்துக்கொள்ளவும், கைவிரல் அளவுகூட இல்லாத ஓர் உயிருக்காக ஓரிடத்தில் அரைமணி நேரம் அசையாமல் உட்காரவும் முடிந்தவருக்கே இது ஏற்றது.

மூன்றாவது, நீலகிரி போன்ற உயரமான இடங்களின் சோலைக்காட்டு விளிம்பும் புல்வெளியும். அங்கே புதர்களிலும் வேலிச்செடிகளிலும் வாழும் நீலகிரி ஓணான் வேறெங்கும் எளிதில் காண முடியாத உயிர். குளிர் மிகுந்த காலையில் அது மந்தமாக இருக்கும். வெயில் வந்த பிறகே வெளிப்படும். ஆகவே பாறைக் குன்றுக்குச் சொன்ன நேரக் கணக்கு இங்கே தலைகீழாகிறது: முற்பகலில் தொடங்கலாம், மேகமூட்டம் இருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பார்க்கக் கிடைக்கும் இனங்கள் குறைவு என்றாலும் அவை அரியவை.

தேடும் முறையிலும் இரண்டு வழிகள் உண்டு: கண்ணால் தேடுவது, கல்லையும் மரக்கட்டையையும் புரட்டித் தேடுவது. இரவில் இயங்குபவற்றைப் பகலில் காட்டுவது புரட்டும் முறைதானே என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். அது உண்மைதான். ஆனால் கல்லின் அடியில் இருப்பது அந்த உயிரின் வீடு. ஆஸ்திரேலியாவில் சிட்னி அருகேயுள்ள மணற்பாறைப் பகுதிகளில் நடந்த ஆய்வு, கற்கள் சற்றே இடம் மாறினாலும் ஊர்வன அவற்றைப் பயன்படுத்துவது குறைகிறது என்று காட்டியது. பழைய இடத்தில் சரியாகத் திருப்பி வைத்தால் அவை மீண்டும் வருகின்றன என்றும் அதே ஆய்வு கண்டது. அப்படியானால் புரட்டிவிட்டுத் திருப்பி வைத்தால் போதாதா? பயிற்சி பெற்ற ஆய்வாளர் அனுமதியோடு அதைச் செய்யலாம். ஒரே தடத்தில் வாரந்தோறும் பலர் நடக்கும்போது ஒவ்வொருவரும் அதே கவனத்தோடு இருப்பார்கள் என்று நம்ப முடியாது. கல்லுக்கடியில் சுருட்டை விரியனோ தேளோ இருக்கக்கூடும் என்பதும் மறக்கத்தக்கதல்ல.

இரவு நடைதான் சிறந்தது என்பது இன்னொரு வாதம். எண்ணிக்கையைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் புலிகள் காப்பகங்களில் இரவில் நடக்கப் பொதுமக்களுக்குப் பொதுவாக அனுமதியில்லை. யானை நடமாடும் காட்டில் அந்த விதி உயிரைக் காப்பது. பாம்பு பார்க்காத நடை வீண் என்பவர்களுக்கும் பகலிலேயே வழி உண்டு: சாரை, பச்சைப்பாம்பு, கொம்பேறி மூக்கன் ஆகியவை பகலில் இயங்குபவை. பச்சைப்பாம்பைப் புதரின் கண்மட்டக் கிளைகளிலும், சாரையைக் காட்டோர வெயில் திட்டுகளிலும் தேடலாம். எதையும் கையில் எடுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு தயாரிக்கப்படுவது; மலைக்காட்டுக் குழிவிரியன்களின் கடிக்கு அதை நம்பியிருக்க முடியாது.

ஆகவே முதல்முறை போகிறவரும் குழந்தைகளை அழைத்துச் செல்கிறவரும் பாறைக் குன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். பொறுமையும் மழைக்காலக் காட்டில் நடந்த பழக்கமும் உள்ளவர் ஓடைக்குப் போகட்டும். ஏற்கெனவே பல இனங்களைப் பார்த்து, குறிப்பிட்ட ஒன்றை மட்டும் தேடுகிறவருக்குச் சோலை பொருந்தும். எங்கே போனாலும் வனத்துறையின் அனுமதி பெற்ற தடத்திலேயே நடக்க வேண்டும். ஓர் ஓடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் காலணியில் ஒட்டிய சேற்றைக் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும். உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் பூஞ்சை நோய் ஈரத்தோடும் சேற்றோடும் பரவக்கூடியது. பார்த்தவற்றின் எண்ணிக்கையை வைத்து நடையை மதிப்பிடாதீர்கள். ஓர் ஓணான் எதற்காக நிறம் மாறியது என்று புரிந்துகொள்ளும்வரை அதன் முன் நின்றிருந்தீர்களானால், அந்த நடை நன்றாக அமைந்தது என்று கொள்ளலாம்.