கேத்தல் எத்தனை அம்பியர்? கணக்குப் பார்ப்போம்



கல்முனை, சாய்ந்தமருதுக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பெருநாள் வியாபாரம் முடிந்து வரும்போது அம்மாவுக்குக் கரண்ட் கேத்தல் வாங்கி வருகிறார்கள். சந்தோசம்தான். ஆனால் பிளக் குத்துமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கேத்தலின் அடியில் 1500 வாட் என்று இருந்தால், 1500ஐ 230ஆல் பிரியுங்கள். சுமார் 6.5 அம்பியர் வரும். 5 அம்பியர் பிளக் பொயின்ட் தாங்குவதோ 230 × 5 = 1150 வாட் மட்டுமே. ஆகவே கேத்தலை அதில் குத்தவே கூடாது.

தடையையும் இப்படியே அறியலாம். வோல்ட்டை அம்பியரால் பிரித்தால் ஓம். 230 ÷ 6.5 = சுமார் 35 ஓம். 1827இல் இந்த விதியை வெளியிட்ட ஜெர்மன் ஆசிரியர் ஓமின் பெயர்தான் அது.

லயங்களில் வயரை முறுக்கி டேப் ஒட்டியிருப்பதை நாங்கள் பார்க்கிறோம். அந்த மூட்டில் 1 ஓம் தடை இருந்தாலே போதும்: 6.5 × 6.5 × 1, சுமார் 40 வாட் சூடு அந்த ஒரே இடத்தில்! ஈயம் உருக்கும் அயனின் சூடு அது. ஒரு காம்பிரா பற்றினால் லயம் முழுக்க ஒரே கூரைதானே?

ஃபியூஸ் போனால் தடித்த கம்பி கட்டாதீர்கள். வயரிங் தெரிந்தவரைக் கொண்டு 13 அம்பியர் பொயின்ட் போடுங்கள்.

பிள்ளைகளே, 1000 வாட் அயனுக்கு எத்தனை அம்பியர், எத்தனை ஓம்? அப்பா அம்மாவுக்குச் செய்து காட்டுங்கள்.

(விடை: சுமார் 4.35 அம்பியர், 53 ஓம்.)